முதல் மணம், நடு மணம், அடி மணம்

மனித குலம் பல்லாயிரம் ஆண்டுகளாகத் தேநீரை வெறுமனே குடித்துக்கொண்டிருந்தது. தாகம் எடுத்தால் குடித்தது, விருந்தாளி வந்தால் குடித்தது, வேலை செய்யப் பிடிக்காதபோது அடிக்கடி குடித்தது. குடித்ததைப் பற்றி ஓர் அபிப்பிராயம் வைத்துக்கொள்ள வேண்டும், அதை நாலு பேருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று ஒரு பேரரசனுக்குக்கூடத் தோன்றவில்லை. அந்த இருண்ட காலம் தாஷ்கண்ட் நகரில், லிஃப்ட் ஓடாத ஒரு கட்டடத்தின் நான்காம் மாடியில் முடிவுக்கு வந்தது. முடித்துவைத்த மகான், ஏழாம் வெந்நீர் விநியோக அலுவலகத்தின் துணைத் தலைவர் மிர்வாஹித்.

அவர் கைபேசியில் ஒரு சேனல் நடத்தினார். பெயர், 'மிர்வாஹிதின் மனப்பதிவுகள்'. நகரத்தின் புதிய வணிக வளாகத்தில், மருந்துக்கடை மாதிரி வரிசையாக டப்பாக்களை அடுக்கி வைத்து, வெள்ளைக் கையுறை போட்ட ஒரு பெண் மூடியைத் திறந்து மூக்கருகே நீட்டுவாளே, அந்தக் கடையில்தான் அவருக்குத் தேயிலை. அந்த டப்பாக்களில் நீலப் பூவிதழ் இருக்கும், காய்ந்த ஸ்ட்ராபெரித் துண்டு இருக்கும், ஆரஞ்சுத் தோல் இருக்கும், வெள்ளி முலாம் பூசிய சர்க்கரை உருண்டை இருக்கும். பொறுமையாகத் தேடினால் தேயிலையும் இருக்கும்.

அவருடைய மனப்பதிவுகளில் ஒன்றை மட்டும் இங்கே தருகிறோம். "கலவையின் பெயர்: துறவியின் காலை. முதல் மணம்: மழைக்கு முந்திய மல்பெரித் தோட்டம். நடு மணம்: பழைய நூல்களின் தோல் அட்டை. அடி மணம்: மன்னிப்பு."

இதைப் படித்துக் கண் கலங்காதவர் எங்கள் குடியிருப்பில் இல்லை. ஐந்தாம் மாடியில் இருக்கும் விதவைப் பெண்மணி, "அடி மணம் மன்னிப்பு என்று படித்ததும் என் வீட்டுக்காரரை நினைத்து அழுதுவிட்டேன். என் குளியலறைக் குழாயையும் தாங்கள் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும்" என்று எழுதியிருந்தார். நாங்கள் எல்லாரும் இதயம் போட்டோம். சேனலைத் தொடர்ந்தவர்கள் அத்தனை பேரும் அவருடைய அலுவலகத்தில் வேலை பார்ப்பவர்களாகவோ, அவருடைய அலுவலகத்திலிருந்து வெந்நீர் வாங்குபவர்களாகவோ இருந்தது முழுக்க முழுக்கத் தற்செயல்.

அலுவலகத்திலும் அவர் இந்தச் சேவையைக் கைவிடவில்லை. ஒருமுறை பெரிய குழாய் வெடித்துவிட்டது. குழாய்ப் பிரிவுப் பொறியாளர் தோலிப் மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"ஐயா, குழாய் போயிருச்சு. தண்ணி ரோட்டுல ஆறா ஓடுது!"

"உட்காருங்க தோலிப். இதை மோந்து பாருங்க."

"ஐயா, பன்னெண்டு கட்டடம்..."

"அவசரப்பட்டு மோந்தா நடு மணம் சிக்காது. கண்ணை மூடுங்க. ம்... என்ன தெரியுது?"

தோலிப் கண்ணை மூடினார். ரோட்டில் ஓடும் தண்ணீர்தான் தெரிந்தது. ஆனால் மனிதர் விவரமானவர்.

"சிம்கான் மலைப் பனி, ஐயா."

"அடி மணம்?"

தோலிப்பின் பதவி உயர்வுக் காகிதம் மூன்று மாதமாக ஐயாவின் மேஜைமேல்தான் கிடந்தது. தோலிப் ஒருமுறை ஆழ்ந்து மூச்சிழுத்தார். "நன்றியுணர்ச்சி, ஐயா" என்றார்.

மிர்வாஹித் அவரை அப்படியே கட்டிக்கொண்டார். கூட்டக் குறிப்பில், புதிய கலவை 'ஒருமனதாக' வரவேற்கப்பட்டதாகவும், குழாய் 'பொருத்தமான தருணத்தில்' கவனிக்கப்படும் என்றும் பதிவாயிற்று.

இப்பேர்ப்பட்ட மேதையின் வீட்டில் ஒரு குறை இருக்கத்தானே செய்யும்? இருந்தது. அவருடைய மனைவி நஸீபாவுக்கு ரசனை இல்லை. மூலைக்கு மூலை காகிதப் பொட்டலத்தில் விற்கிறார்களே, தொண்ணூற்றைந்தாம் எண் பச்சைத் தேயிலை, அதைத்தான் அவள் பிறந்ததிலிருந்து குடித்து வந்தாள். அதைப் பற்றி அவளுடைய மனப்பதிவு, "இன்னொரு கிண்ணம் ஊத்து" என்பதோடு முடிந்துவிடும்.

இனி விஷயத்துக்கு வருவோம். இவர்களுடைய ஒரே மகள் மப்துனா, பல் மருத்துவமனையில் வேலை பார்ப்பவள். கூடப் படித்த ஜசூரைத்தான் கட்டுவேன் என்று மூன்று வருடமாக ஒற்றைக்காலில் நின்றாள். ஜசூரின் அம்மா ஸலோமத் இரண்டு முறை வந்து பெண் கேட்டாயிற்று, பேச வேண்டியதைப் பேசியாயிற்று. பாக்கி இருந்தது ரொட்டி உடைப்பு ஒன்றுதான். பெண் வீட்டு விரிப்பில் உட்கார்ந்து, இரண்டு ரொட்டிகளைச் சேர்த்துப் பிடித்து மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் உடைத்தால் நிச்சயம் ஆன மாதிரி. அதுவரை எதுவும் ஆகாத மாதிரி.

அந்தப் பெரியவர் எர்காஷ். ஜசூருக்குத் தகப்பன் இல்லை, வளர்த்தவர் இந்தப் பெரியப்பாதான். சைபீரியாவில் கட்டட வேலை. சில நாள் லீவில் சொந்த ஊரான கோகண்டுக்கு வந்தவர், ரொட்டி உடைக்கக் குறித்த அன்று மாலையே விமானம் ஏறுகிறார். மறுபடி வர அடுத்த இலையுதிர் காலம் ஆகும். அவர் கையால்தான் ரொட்டி உடைய வேண்டும் என்று ஸலோமத் கறாராகச் சொல்லிவிட்டாள். அன்றைக்கு உடையாவிட்டால் ஒரு வருடம் தள்ளிப்போகும். அந்த ஒரு வருடத்தில் என்னவும் நடக்கலாம், ஏனென்றால் ஸலோமத்தின் அண்ணன் வீட்டிலும் கல்யாண வயதில் ஒரு பெண் இருந்தாள்.

"ஏங்க, உங்க காலைப் பிடிச்சுக் கேக்குறேன்" என்றாள் நஸீபா, விரிப்பில் திராட்சையும் பாதாமும் பரப்பிக்கொண்டே. "இன்னிக்கு ஒரு நாள் தொண்ணூத்தஞ்சு போட்டுக் குடுத்துர்றேன். உங்க டப்பா ஒண்ணும் வெளிய வர வேண்டாம். வெண்ணெய் திரண்டு வர்ற நேரத்துல தாழியை உடைச்சிராதீங்க."

"எந்த மாதிரி வீட்டுல பொண்ணெடுக்கிறோம்னு அவங்களுக்குத் தெரிய வேண்டாமா?"

"தெரியக் கூடாதுன்னுதானே சொல்றேன்!"

மப்துனா நடுவில் புகுந்தாள். "அப்பா, சரி, ஒரே ஒரு கலவை. அதோட நிறுத்திக்கணும். என் மேல ஆணையா சொல்லுங்க."

"ஒண்ணே ஒண்ணு, கண்ணு" என்றார் மிர்வாஹித். மனிதர் பொய் சொல்லவில்லை. எந்த எண்ணிக்கையும் ஒன்றில்தானே தொடங்குகிறது.

விருந்தாளிகள் மதியம் வந்தார்கள். எர்காஷ் கோகண்டிலிருந்து விடியுமுன்பே கிளம்பிக் காரில் உட்கார்ந்து வந்த அலுப்போடு மெத்தைமேல் சாய்ந்தார். ஆஜானுபாகுவான மனிதர், கைகள் ஒவ்வொன்றும் மண்வெட்டி அகலம். பக்கத்தில் ஸலோமத், கண்ணாலேயே திரைச்சீலைக்கு விலை போட்டபடி. பெண் வீட்டுச் சாட்சியாகத் தோலிப், உண்மையில் டப்பா தூக்க. விரிப்பின் நடுவில் வெள்ளைத் துணியில் பொதிந்த இரண்டு ரொட்டிகள். மிர்வாஹித் கையேந்தித் துஆ என்னும் பிரார்த்தனையைத் தொடங்கினால்தான் எர்காஷ் அந்தத் துணியைத் தொடலாம்.

மிர்வாஹித் கையேந்தவில்லை. கையில் டப்பா இருந்தது.

"அண்ணே, இதுக்குப் பேரு 'சமர்கண்ட் இரவின் பெருமூச்சு'."

எங்கள் ஊரில் விருந்தாளிக்கு எவ்வளவு குறைவாக ஊற்றுகிறோமோ அவ்வளவு மரியாதை. கிண்ணத்தில் இரண்டு வாய் ஊற்றிக் கொடுத்தால், 'எழுந்துவிடாதீர்கள், இன்னும் இன்னும் ஊற்றிக்கொண்டே இருப்பேன்' என்று பொருள். விளிம்பு வரை நிரப்பிக் கொடுத்தால், 'குடித்துவிட்டு நடையைக் கட்டுங்கள்' என்று பொருள். அப்படி நிரப்ப எங்களில் யாருக்கும் கை வராது. கடன்காரன் வந்தால்கூட முக்கால் கிண்ணத்தோடு நிறுத்திக்கொள்வோம். மிர்வாஹித்தோ ஒரே ஒரு வாய்தான் ஊற்றினார். எல்லாக் கலவைக்கும் வயிற்றில் இடம் வேண்டுமல்லவா? ஆக, அவர் காட்டிய மரியாதைக்கு நகரத்திலேயே ஈடு கிடையாது. அந்த மரியாதையை மிதித்துவிட்டு எழுந்து போக எந்த விருந்தாளிக்கும் துணிச்சல் வராது.

எர்காஷ் ஒரே மடக்கில் குடித்தார். முகம் ஒரு தினுசாகப் போயிற்று.

"மருந்தா தம்பி? வீட்டுல யாருக்காவது உடம்பு சரியில்லையா?"

ஸலோமத்தின் கண் சட்டென்று கதவருகே நின்ற மப்துனாமேல் போனது. பெண் வீட்டில் வியாதி என்றால் சும்மாவா? "ஐயோ, அதெல்லாம் இல்லீங்க அக்கா, எல்லாரும் கல்லு மாதிரி இருக்கோம்!" என்று நஸீபா அலறினாள்.

"அது நடு மணம், அண்ணே" என்று விளக்கினார் மிர்வாஹித்.

"பல்லுல என்னமோ கடிபடுது."

"அது ஸ்ட்ராபெரி."

"முழுங்கிட்டேன். ஒண்ணும் ஆகாதே?"

இரண்டாவது கலவை வந்தது. மூன்றாவதில் கெண்டியின் மூக்கில் பூவிதழ் அடைத்துக்கொண்டு தேநீர் வரவில்லை. தோலிப் பல்குத்தும் குச்சியால் அடைப்பை எடுத்தார். அந்த வருடத்தில் குழாய்ப் பிரிவு முடித்த முதல் வேலை அது என்பதை இங்கே பெருமையுடன் குறிப்பிடுகிறோம். கீழே, எர்காஷை விமான நிலையத்துக்கு ஏற்றிப்போகக் காத்திருந்த வாடகைக் கார் ஒருமுறை ஹாரன் அடித்தது.

"தம்பி" என்றார் எர்காஷ், வெள்ளைத் துணியைப் பார்த்துக்கொண்டே. "விமானத்துக்கு நேரமாகுது. நல்ல காரியத்தைத் தள்ளிப் போடுவானேன்?"

"உண்மைதான் அண்ணே, 'மேகம் ஏழு' கலவையைத் தள்ளிப் போடவே கூடாது" என்று நான்காம் டப்பாவின் மூடியைத் திறந்தார் மிர்வாஹித். "இதை மட்டும் கண்ணை மூடிக்கிட்டுத்தான் குடிக்கணும். மூடுங்க. மணம் உள்ள இறங்கட்டும். இறங்குதா?"

எர்காஷ் கண்ணை மூடினார். அப்புறம் திறக்கவில்லை. சிறிது நேரத்தில் குறட்டை கேட்டது.

"பாத்தீங்களா தோலிப்?" என்று மிர்வாஹித் உள்ளம் குளிர்ந்து கிசுகிசுத்தார். "எவ்வளவு ஆழத்துக்குப் போயிட்டாரு!"

"இன்னும் மேல வரலை, ஐயா" என்றார் தோலிப் பயபக்தியுடன்.

ஹாரன் இரண்டாவது முறை அடித்தது. ஸலோமத் உதட்டில் ஒட்டியிருந்த ரோஜா இதழைத் துப்பினாள்.

"எங்க அண்ணன் வீட்டுலயும் டீ குடுப்பாங்க" என்றாள், யாரையும் பார்க்காமல். "சும்மா டீ. குடிச்சோம், பேசினோம், எந்திரிச்சோம்னு இருக்கும். சரி, இன்னிக்கு நேரம் சரியில்ல போலிருக்கு. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

நஸீபா கணவனின் முழங்கையைக் கிள்ளினாள். அவர் ஐந்தாம் டப்பாவை எடுத்தார். அதில் லாவெண்டரும் வாதுமைப் பருப்பும் கலந்திருந்தன. அதைப் பற்றி அவருக்குச் சொல்ல நிறைய இருந்தது.

அப்போது மப்துனா உள்ளே வந்தாள். கையில் அடுக்களைக் கெண்டி. பெரியவர்களுக்கு நடுவே பெண் வந்து உட்காரும் வழக்கம் இல்லை. அவள் வந்து, அப்பாவின் எதிரே மண்டியிட்டு, அவருடைய கிண்ணத்தை எடுத்து ஊற்ற ஆரம்பித்தாள். இரண்டு வாய் ஊற்றினாள். நிறுத்தவில்லை. பாதி ஆயிற்று. நஸீபா, "அடியேய்!" என்றாள். முக்கால் ஆயிற்று. விளிம்பைத் தொட்டு, அதற்கும் மேலே ஒரு மயிரிழை எழும்பித் தளும்பி நின்றபோதுதான் கெண்டி நிமிர்ந்தது. மப்துனா இடது கையை நெஞ்சில் வைத்து, வலது கையால் கிண்ணத்தை நீட்டினாள்.

"குடிங்க, அப்பா."

அறையில் எர்காஷின் குறட்டை ஒன்றுதான் கேட்டது. எங்கள் பகுதியில் இதுவரை எந்த மகளும் பெற்ற தகப்பனுக்கு முழுக் கிண்ணம் கொடுத்ததில்லை.

மிர்வாஹித்தின் காது மடல் சிவந்தது. அதட்ட வாயைத் திறந்தார். அப்போதுதான் மகளின் கண்ணில் தண்ணீர் கட்டி நிற்பதைப் பார்த்தார். அவருக்கு வலித்தது. மகள் அவமானப்படுத்திவிட்டாள் என்பதால் அல்ல, அவள் இந்த அளவுக்குப் போகும்படி தான் விட்டுவிட்டோமே என்றுதான் வலித்தது. கிண்ணத்தை இரண்டு கையாலும் வாங்கி, சிந்தாமல் எழுந்து, அடிமேல் அடி வைத்துப் பால்கனிக்குப் போனார். கதவைத் திறந்துவிடத் தோலிப்பும் பின்னால் போனார்.

"தோலிப், ஒரு விஷயம் கேக்குறேன், உண்மையைச் சொல்லணும். 'மேகம் ஏழு'ல உங்களுக்கு என்ன மணம் தெரிஞ்சுது?"

"சிம்கான் பனி, ஐயா."

"எனக்கு சோப்பு மணம்தான் தெரிஞ்சுது."

தோலிப் ஒரு கணம் யோசித்தார். "ஆமாங்கய்யா. உயர்ந்த ரகச் சோப்பு."

மிர்வாஹித் சிரித்துவிட்டார். சிரிப்பில் தேநீர் கொஞ்சம் கையில் கொட்டியது. "அட மக்கு மனுஷா! என்னைச் சொல்றேன், உங்களை இல்ல. ரெண்டு வருஷமா நான் எழுதினது பூரா டப்பாக்குப் பின்னாடி ரஷ்ய மொழியில அச்சடிச்சிருக்கிறது. மல்பெரித் தோட்டம், தோல் அட்டை எல்லாம் கம்பெனிக்காரன் சரக்கு. எனக்கு மூக்குன்னு ஒண்ணு இருக்கிறதே ஜலதோஷம் பிடிச்சாத்தான் ஞாபகம் வரும். அந்த 'மன்னிப்பு' மட்டும் நான் சேர்த்தது."

"அதுதாங்கய்யா பிரமாதம்!"

உள்ளே குறட்டை நின்றது. எர்காஷின் குரல் கேட்டது. "எங்க அவரு?"

"பால்கனியில, பெரியப்பா" என்றது மப்துனாவின் குரல். "நான்தான் முழுக் கிண்ணம் குடுத்து அனுப்பிட்டேன்."

"யாருக்கு? பெத்த அப்பனுக்கா?"

மிர்வாஹித் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். போச்சு, அப்பனை மதிக்காதவள் என்று எழுந்து போகப்போகிறார்கள். எல்லாம் என்னால்தான், இந்தப் பாழாய்ப்போன பூவிதழால்தான் என்று அவர் மனம் அடித்துக்கொண்டது. ஸலோமத் ஏதோ முணுமுணுத்தாள். "மரியாதை", "நாளைக்கு நமக்கும்" என்ற வார்த்தைகள் மட்டும் காதில் விழுந்தன.

"ஸலோமத், நீ சும்மா இரு" என்றார் எர்காஷ். "என் தம்பிங்க மூணு பேரும் தினமும் வந்து சம்மணம் போட்டா எந்திரிக்க மாட்டேங்கிறாங்க, வீடா சத்திரமான்னு தெரியலைன்னு போன்ல பத்து வருஷமா என்கிட்ட அழுவுறியே. முழுக் கிண்ணம் ஊத்த உனக்கும் கை வரலை, எனக்கும் கை வரலை. இதோ, கை வர்ற பொண்ணு உக்காந்திருக்கா. இவளை விட்டுட்டு உங்க அண்ணன் வீட்டுக்கா போகப் போற?"

ஸலோமத், "மூணு பேரையுமா கிளப்பிருவா?" என்று கேட்டாள். அந்தக் குரலில் இருந்த ஆசையைக் கேட்டால் கல்லும் கரையும்.

"அவங்க அப்பனையே கிளப்பிட்டா! தம்பி, உள்ள வாங்க! ரொட்டி உடைக்கப் பொண்ணோட அப்பா வேணும். ஆனா கிண்ணத்தைக் காலி பண்ணிட்டுத்தான் வரணும்."

மிர்வாஹித் நின்ற இடத்திலேயே அத்தனையையும் குடித்தார். பொட்டலத் தேயிலை. நாக்கு வெந்துபோயிற்று. உள்ளே வந்து, விரிப்பின் ஓரத்தில் ஒடுங்கி உட்கார்ந்து, இரண்டு கையையும் ஏந்தினார். சுருக்கமான துஆ அது. எர்காஷ் துணியை விலக்கி, இரண்டு ரொட்டிகளையும் சேர்த்துப் பிடித்து ஒரே முறுக்கில் உடைத்தார். நஸீபா அழுதாள், மப்துனா அழுதாள், பழக்கதோஷத்தில் ஸலோமத்தும் அழுதாள். வெட்கமும் சந்தோஷமும் ஒன்றாக வந்ததில் எதை முதலில் துடைத்துக்கொள்வது என்று மிர்வாஹித்துக்குத் தெரியவில்லை.

எர்காஷ் எழுந்து தொப்பியைச் சரிசெய்தார். போகிற போக்கில், உறவு கொண்டாடும் பாசத்தில், ஒரு கேள்வி கேட்டுவிட்டார்.

"அப்புறம் சம்பந்தி, மப்துனா குடுத்த டீ எப்படி இருந்துச்சு?"

நஸீபாவின் முகம் வெளுத்தது. ஸலோமத் சுவரைப் பிடித்துக்கொண்டாள். கீழே கார் விடாமல் ஹாரன் அடித்தது. மிர்வாஹித் கண்ணை மூடினார். ஆழ்ந்து மூச்சிழுத்தார். மப்துனா மெல்லக் கெண்டியின் பக்கம் கையைக் கொண்டுபோனாள்.

"சூடா இருந்துச்சு" என்றார் மிர்வாஹித்.

எல்லாரும் பிடித்திருந்த மூச்சை விட்டார்கள். எர்காஷ் அவர் தோளைத் தட்டிவிட்டுப் படியிறங்கினார். தோலிப்பால் மட்டும் பொறுக்க முடியவில்லை. பரவசத்தில் இரண்டு கையையும் தட்டிக்கொண்டு முன்னால் வந்தார்.

"அடடா, அடடா! என்ன ஒரு ஆழம், ஐயா! மூணு மணத்தையும் ஒரே வார்த்தையில அடக்கிட்டீங்களே! இதை உங்களைத் தவிர யாரால சொல்ல முடியும்?"

மிர்வாஹித் அவரை உட்காரச் சொன்னார். தாமே கெண்டியை எடுத்து, தோலிப்பின் கிண்ணத்தில் ஊற்றத் தொடங்கினார். பாதி ஆயிற்று, முக்கால் ஆயிற்று, விளிம்பு வந்தது. அப்போதும் அவர் நிறுத்தவில்லை. தேநீர் கிண்ணத்தைத் தாண்டி விரிப்பெல்லாம் வழிந்து ஓடியது. கிண்ணத்தில் நின்றது தோலிப்புக்கு. வழிந்து ஓடியது, இதயம் போட்ட எங்களுக்கு.